கையைப் பிடித்திருந்தவள்

சாவைப் பற்றி மனம்விட்டுப் பேசலாம். யார் வேண்டுமானாலும் வரலாம். டீ உண்டு, அறிவுரை கிடையாது. மாதத்தின் முதல் ஞாயிறு, மதியம் மூன்று மணி. இப்படி என் கையாலேயே ஒரு தாளில் எழுதி, என் மூக்குக்கண்ணாடிக் கடையின் கதவில் ஒட்டியிருந்தேன். பக்கத்துச் சாவிக் கடைக்காரர் அதைப் படித்துவிட்டு, "என்னக்கா, வர்றவங்களுக்குக் கண்ணாடி மாட்டி அனுப்புவீங்களா, இல்ல ஒரேயடியா அனுப்பிடுவீங்களா?" என்று கேட்டார். "உங்களுக்குத்தான் முதல் சீட்டு, வாங்க" என்றேன். மனிதர் அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பக்கம் தலைவைத்தே படுக்கவில்லை.

இதை நான் திட்டம் போட்டு ஆரம்பிக்கவில்லை. ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர், படிக்கிற கண்ணாடி வாங்க வந்தவர், எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னால் மூன்றாவது வரியில் அழ ஆரம்பித்துவிட்டார். இதயத்தில் ஆபரேஷனாம். பிழைக்காவிட்டால் என்ன செய்வது என்று வீட்டில் பேச்செடுத்தால் மனைவி, "வாயைக் கழுவுங்க" என்று எழுந்து போய்விடுகிறாராம். எனக்கு என்னவோ போலாகிவிட்டது. "ஞாயித்துக்கிழமை கடை லீவுதான், வாங்க, பேசலாம்" என்றேன். ஆபரேஷனில் அவர் பிழைத்துக்கொண்டார். பிழைத்த பிறகும் வந்தார், இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு.

அந்த நாலு பேரும் வந்து உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களே தவிர வாயைத் திறக்கவில்லை.  எனக்கோ பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. யாராவது தொடங்கி வைக்க வேண்டுமே என்று, என் அம்மா செத்த கதையைச் சொன்னேன். ஆஸ்பத்திரிக் கட்டில், ஜன்னலில் வெயில், நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். "நீ வந்துட்ட, போதும்" என்று சொல்லிவிட்டு அம்மா கண்ணை மூடினாள். கேட்டவர்கள் அழுதார்கள். அழுதுவிட்டு, மடை திறந்த மாதிரி பேசினார்கள். சிரித்தும் பேசினார்கள். தான் செத்தால் மாமியாரின் தங்கை வந்து அழக் கூடாது என்று ஒருத்தி சொல்ல, கடையே அதிர்ந்தது.

அந்தக் கதை பொய். அம்மா போனபோது நான் அங்கே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து இருபது நிமிட நடையில், இதே கடையில் இருந்தேன். போன் சைலண்டில் இருந்தது. எடுத்துப் பார்த்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. அம்மாவோடு இருந்தவள் என் தம்பி பொண்டாட்டி. தம்பி அப்போது லாரியோடு இரண்டு நாள் தூரத்தில் இருந்தான்.

ஒரு தடவை சொன்னதோடு விட்டேனா? புதிதாக யாராவது வந்தால் சொன்னேன். யாரும் வராவிட்டாலும் சொன்னேன். பதினான்கு முறை சொல்லியிருப்பேன். ஒவ்வொரு முறையும் கண், காது, மூக்கு வைத்தேன். ஒரு மாதம் நர்ஸ் வந்து என் தோளைத் தொட்டாள். அடுத்த மாதம் அம்மாவின் வளையல் என் மணிக்கட்டில் உரசியது. உண்மையில் அந்த வளையலை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே கழற்றித் தந்துவிட்டார்கள். மனம்விட்டுப் பேசுங்கள் என்று ஊரைக் கூட்டியவள் நான்.

போன மாதக் கூட்டத்தன்று, நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டிருந்தேன். கதவருகே குடையை மடக்கியபடி தம்பி பொண்டாட்டி நின்றாள்.

"அண்ணி, நானும் உக்காரலாமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீ எங்க இங்க?"

"கதவுல ஒட்டியிருந்துச்சே. யாரு வேணா வரலாம்னு." குடையிலிருந்து சொட்டிய தண்ணீரைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். "ஒண்ணு சொல்லணும் அண்ணி. ரெண்டு வருஷமா மனசுல வச்சிட்டு இருக்கேன். தூக்கமே சரியில்ல. உங்க தம்பிகிட்ட ஆரம்பிச்சாலே கத்துறாரு."

"எதைப் பத்தி?"

"அத்தை போன அன்னைக்கு நடந்ததுதான். நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள் அவள். கல்யாணத்தில்கூட பொண்ணை விட மைக்செட்காரன்தான் அதிகம் பேசினான் என்று நாங்கள் கேலி செய்வோம். அப்படிப்பட்டவள் மழையில் இரண்டு பஸ் மாறி வந்து நிற்கிறாள். என்ன தப்பு, என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? என் மனசில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். இவள் வாயைத் திறந்தால் நான் அம்பலப்படுவேன்.

"உக்காரு" என்றேன். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஏழு பேர் வந்தார்கள். நான் அம்மா கதையைத் தொடவே இல்லை. மழையைப் பற்றிப் பேசினேன். கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை.

"என்ன மேடம், இன்னைக்கு அம்மா கதை இல்லையா? புதுசா ஒருத்தங்க வந்திருக்காங்க. பாருங்க, எப்படிக் கூச்சப்படுறாங்கன்னு."

"தொண்டை சரியில்ல" என்றேன்.

"அதனாலென்ன, நான் சொல்றேன். எனக்குத்தான் மனப்பாடமாச்சே!"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். முப்பது வருஷம் நெரிசலில் குரல் கொடுத்துப் பழகிய மனிதர். என் குரல் எங்கே எடுபடும்? வெயில், நர்ஸ், வளையல், "நீ வந்துட்ட, போதும்", எல்லாவற்றையும் ஒரு ஸ்டாப்பிங் விடாமல் சொன்னார். தம்பி பொண்டாட்டியைப் பார்த்தே சொன்னார். அவள் முதலில் அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு தன் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.  அங்கேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"அந்தம்மா கொடுத்து வச்சவங்க" என்றார் கூட்டத்துக்குத் தவறாமல் வரும் கணக்கு டீச்சர், மூக்கை உறிஞ்சியபடி. "பெத்த பொண்ணு கையைப் பிடிச்சிட்டுப் போறது எத்தனை பேருக்குக் கிடைக்கும்?"

கண்டக்டர் தம்பி பொண்டாட்டி பக்கம் திரும்பினார். "நீங்க மேடத்துக்கு யாரும்மா?"

"தம்பி வீட்டுக்காரிங்க."

"அட, குடும்பமா! அப்ப நீங்களும் அங்க இருந்திருப்பீங்களே?"

 அவள் பதில் சொல்வதற்குள் உண்மையைச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. எழுந்து நின்று ஒரு வரி சொன்னால் தீர்ந்தது. நான் பிஸ்கட் தட்டை நேராக வைத்தேன்.

"இல்லைங்க" என்றாள் அவள். "நான் மருந்து வாங்க வெளிய போயிருந்தேன். அண்ணிதான் கூட இருந்தாங்க."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. ஆமாம், அப்பாடா என்றுதான் இருந்தது. வேறெதையும் நான் அந்த நிமிடத்தில் நினைக்கவில்லை.

அவள் முறை வந்தது. "எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்லைங்க. சும்மா கேக்கத்தான் வந்தேன்" என்றாள். அடுத்தவர் தொடங்கியதும் சத்தமில்லாமல் எழுந்து, தன் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, குடையை எடுத்தாள். கதவு வரை பின்னாலேயே போனேன்.

"பயப்படாதீங்க அண்ணி" என்றாள் மெதுவாக. "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"நீ என்னமோ சொல்லணும்னு வந்தியே?"

"அது..." என்று குடையின் பட்டனைத் தடவினாள். "நான் அங்க இருந்திருந்தாதானே அண்ணி அதைச் சொல்ல முடியும்?"

குத்திக்காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பதிலுக்கு நாலு வார்த்தை கொடுத்திருப்பேன், அதில் நான் கில்லாடி. அவள் குரலில் குத்தலே இல்லை. பஸ் இல்லை, ஆட்டோதான் என்று சொல்வதைப் போலச் சொன்னாள். இரண்டு வருஷமாகத் தூங்காதவள், எனக்காகத் தன் பேச்சை விழுங்கிவிட்டுத் திரும்பவும் தூங்காமல் கிடக்கப் போகிறாள். அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். "வேணாம் அண்ணி, வேணாம்" என்றாள். நான் விடவில்லை.

"எல்லாரும் ஒரு நிமிஷம்" என்றேன்.  "நான் இத்தனை நாளா உங்ககிட்டச் சொன்னது பொய். எங்கம்மா போனப்ப நான் அங்க இல்ல. போன் சைலண்ட்ல இருந்துச்சு, இந்தக் கடையில இருந்தேன். கையைப் பிடிச்சிட்டு இருந்தது இவதான்."

 கணக்கு டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கண்டக்டர் தன் செருப்பைப் பார்த்தார். பாவம், பத்து நிமிடம் முன்னால் அதே கதையை அந்த முழங்கு முழங்கியவர்.

"இப்ப இவ பேசணும்" என்றேன். அவளை உட்காரவைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அவள் கை என் கையில்தான் இருந்தது, ஜில்லென்று. அம்மா எப்படிப் போனாள் என்று இந்த இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் இவளிடம் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவள் தொடங்கினாள்.

"அன்னைக்கு மத்தியானத்துல இருந்து அத்தைக்குக் கண்ணு சரியாத் தெரியல. கையை நீட்டி என் முகத்தைத் தடவுனாங்க. 'பெரியவளா?'ன்னு கேட்டாங்க. வீட்ல அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவாங்க. 'இல்ல அத்தை, அண்ணி வந்துட்டே இருக்காங்க'ன்னு சொல்லிட்டு, வெளிய போய் அண்ணிக்குப் போன் போட்டேன். எடுக்கல. உள்ள வந்தா திரும்பவும் 'பெரியவளா?'ன்னு கேக்குறாங்க. திரும்ப வெளிய போய் போன் போட்டேன். அப்படியே அஞ்சு தடவை. ஆறாவது தடவை கேக்கும்போது அவங்களால வார்த்தையே முழுசா சொல்ல முடியல. எனக்குத் தாங்கல. 'ஆமாம்மா, பெரியவதான் வந்திருக்கேன்'னுட்டேன்."

 சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"பதினொரு வருஷம் அத்தைன்னுதான் கூப்பிட்டேன். அம்மான்னு கூப்பிட்டது அன்னைக்குத்தான். 'கடைய யாரு பாத்துக்கிறா?'ன்னு கேட்டாங்க. 'பூட்டிட்டு வந்துட்டேம்மா'ன்னேன். சரின்னாங்க. என் கையைக் கெட்டியாப் புடிச்சாங்க. கொஞ்ச நேரத்துல போயிட்டாங்க." என் பக்கம் திரும்பினாள். "சாகப் போறவங்களை ஏமாத்திட்டேன் அண்ணி. உங்களுக்குன்னு வச்சிருந்ததை நான் வாங்கிட்டேன். தப்புதானே?"

எங்கள் கூட்டத்தில் யாரும் யாருக்கும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நான் போட்ட விதிதான். "தப்பே இல்லடி" என்றேன். "எங்கம்மாவ நிம்மதியா அனுப்பி வச்சிருக்க. இனிமே இதை நெனச்சு ஒரு ராத்திரிகூட முழிச்சிருக்காத." கணக்கு டீச்சர் பெரிதாகத் தலையாட்டினார். தம்பி பொண்டாட்டியின் தோள் தளர்ந்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் மூச்சு விடுகிறாள் என்று தோன்றியது.

"உங்க மேலயும் தப்பில்ல அண்ணி" என்றாள், என் கையை அழுத்தி. "போன் சைலண்ட்ல இருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?"

அதோடு விட்டிருக்கலாம். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். உங்களிடமும் சைலண்ட் என்றுதானே சொன்னேன்? கூட்டத்துக்கு முன்னால் நின்று உண்மையைச் சொல்கிறேன் என்று சொன்னபோதும் அதைத்தான் சொன்னேன். போன் சைலண்டில் இல்லை. கடையில் அன்றைக்கு ஈ காக்கா கிடையாது. கண்ணாடித் தட்டின் மேல் போன் அதிர்ந்து அதிர்ந்து கத்தியது, இவள் பெயர் அதில் மின்னியது, நான் பக்கத்திலேயே நின்று ஃப்ரேம் துடைத்தேன். முதல் நாள் பார்த்த அம்மாவின் முகத்தை இன்னொரு தடவை பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. எடுத்தால் போக வேண்டியிருக்கும் என்றுதான் எடுக்கவில்லை.

"சைலண்ட்ல இல்ல" என்றேன். "அடிச்சுது. எனக்குக் கேட்டுச்சு. பயந்துக்கிட்டு எடுக்கல."

அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"அஞ்சு தடவையுமா அண்ணி?"

"அஞ்சு தடவையும்."

அவள் தன் கையை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.