ஆட்டோவில் வந்த பிரெஞ்சு

பன்னிரண்டாம் வகுப்பு பிரெஞ்சுப் பாடம் பள்ளியின் கடைக்கோடி அறையில் நடக்கும். தமிழ் எடுத்தவர்களுக்குப் பெரிய அறை. பிரெஞ்சு எடுத்தவர்கள் சின்னக் கூட்டம். ஆய்வுக்கூடத்தை ஒட்டிய இடுக்கில், உடைந்த நாற்காலிகளோடு சேர்த்து அவர்களையும் போட்டுவைத்திருந்தார்கள்.

பெரும்பாலும் எல்லோரும் மதிப்பெண்ணுக்காக வந்தவர்கள்தான். எழுத்துத் தேர்வு மட்டும்தான். பேசிக் காட்டச் சொல்லி யாரும் கேட்கப்போவதில்லை. அதனால் வாயைத் திறக்காமலேயே ஒரு மொழியைப் படித்துக்கொண்டிருந்தார்கள். நோட்ஸைப் பார்த்து எழுதி, எழுதியதை மனப்பாடம் செய்து, மறுபடி எழுதினார்கள்.

அனுராதா அதிலும் ஒருபடி மேல். தமிழிலேயே அளந்துதான் பேசுவாள். ஆனால் பாடப் புத்தகத்தின் வாக்கியங்கள் அவளுக்குள் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். பேருந்துக்குக் காத்திருக்கும்போது, சோறு வடிக்கும்போது, மலையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும்போது அந்த மொழியில் தனக்குத்தானே ஏதாவது சொல்லிக்கொள்வாள். வெளியே ஒரு சொல் வந்ததில்லை. வந்தால் உடைந்துவிடும் என்பதுபோல் ஒரு பயம்.

"வாயத் தொறந்தா மார்க் கொறைஞ்சிடுமா உனக்கு?" என்று பின்வரிசையிலிருந்து ஆகாஷ் கேட்பான்.

"அவ மனசுக்குள்ள பாரிஸ்ல கீறா. நீ இன்னாடா டிஸ்டர்ப் பண்ற?" என்பாள் அலீஷா.

அனுராதாவின் அப்பா துரைக்கண்ணு, மலையடிவாரத்தில் ஆட்டோ ஓட்டுகிறவர். "எம் பொண்ணு பிரெஞ்சு படிக்கறா" என்று ஸ்டாண்டில் சொல்லிச் சொல்லியே கேலிக்கு ஆளானவர். "எங்க, ஒரு வார்த்த பேசச் சொல்லு, கேப்போம்" என்று யாராவது கேட்டால் அவர் சிரித்து மழுப்புவார். அந்தச் சிரிப்பை ஒருமுறை நேரில் பார்த்துவிட்ட பிறகு அனுராதா ஸ்டாண்டு இருக்கும் தெருப்பக்கம் போவதை விட்டுவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை சிறப்பு வகுப்பு. பிரபாவதி மிஸ் பத்தி ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தபோது மைதானத்துக்குள் ஒரு ஆட்டோ நேராக வந்து அறை வாசலிலேயே நின்றது. துரைக்கண்ணு இறங்கினார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. பின்சீட்டில் வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் முகத்தைத் துண்டால் பாதி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சேலை கட்டிய அம்மாள். அவர்கள் மடியில் மஞ்சள்தூள், குங்குமம், கட்டுக் கற்பூரம். கனகம்மாசத்திரம் கடைத்தெருவில் நடந்துபோனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அப்படி நம் ஊர் முகங்கள்.

"மிஸ், மன்னிச்சிக்குங்க. எனக்கு வேற எடம் தெரியல" என்றார் துரைக்கண்ணு. "இவங்க பேசறது பிரெஞ்சுன்னு மலைமேல கோயிலாண்ட ஒர்த்தர் சொன்னாரு. ஸ்டேஷன்ல ஏத்தினேன். கோயிலு கோயிலுன்னாங்க. ரோட்டு வழியா மலைக்கு மேல இட்டுகினு போனேன். அங்க போனதும் பெரியவரு ஓன்னு அழறாரு மிஸ். வண்டிய விட்டு எறங்கவே இல்ல. போன்ல ட்ரான்ஸ்லேட் போட்டுப் பேச வெச்சா அதுவும் இன்னாத்தையோ ஒளறுது. ஃபாரின்காரங்கள ஏமாத்திட்டேன்னு கூட்டம் கூடிப்போச்சி. பேசித் தீத்துகினு வா, இல்லன்னா நாளையிலேர்ந்து ஸ்டாண்டுல உன் வண்டி நிக்காதுன்னு பக்தவச்சலம் சொல்லிட்டாரு."

பக்தவச்சலம் ஸ்டாண்டு சங்கத்தின் தலைவர். சொன்னால் செய்கிறவர்.

பிரபாவதி மிஸ் வாசலுக்குப் போய்ப் பெரியவரிடம் வணக்கம் சொல்லி, பேரையும் ஊரையும் கேட்டார். ரெனே என்றார் அவர், ரியூனியன் தீவு. அதற்குமேல் அழுகையும் பேச்சும் ஒன்றாகக் கலந்து வந்தது. மிஸ் கேட்டுவிட்டுத் திரும்பினார்.

"அனுராதா, நீ வா."

"மிஸ்... நீங்களே..."

"உங்க அப்பா ஏமாத்தலன்னு நான் சொன்னா அது டீச்சர் சொன்னது. நீ சொன்னா அந்த வீட்டுப் பொண்ணு சொன்னது. வா."

அவள் எழுந்தாள். ஆட்டோவின் பக்கத்தில் போய் நின்றாள். நெடுநேரம் எதுவும் வரவில்லை. ரெனே துண்டை விலக்கி அவளைப் பார்த்தார். தூங்காத கண்கள்.

"லாந்த்மான்" என்றாள். மெதுவாக. தன் குரலில் அந்தச் சொல்லை அவள் முதன்முதலாகக் கேட்டாள். உடையவில்லை. "மெதுவாகச் சொல்லுங்கள், ஐயா. நான் கேட்கிறேன்."

அவர் பேசியது புத்தகத்துப் பிரெஞ்சு இல்லை. முனை மழுங்கி, வேறு ஏதோ தாளத்தில் போனது. புரியாத இடத்தில் அவள் கையை உயர்த்தினாள். அவர் நிறுத்தி வேறு மாதிரி சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாகக் கதை துலங்கியது. அவருடைய பாட்டனுக்குத் தகப்பன் இந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர். அங்கே பிள்ளைக்கு உடம்புக்கு வந்தபோது, பிழைத்தால் திருத்தணி மலையின் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் ஏற்றி ஏறி வருகிறேன் என்று வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தது. அவரால் திரும்ப முடியவில்லை. பிள்ளையாலும் முடியவில்லை. பேச்சுத் தமிழ் போய்விட்டது, வேண்டுதல் மட்டும் கைமாறிக் கைமாறி வந்தது. ரெனே தன் முறைக்கு வந்திருந்தார். வண்டியில் உச்சியில் கொண்டுபோய் நிறுத்தியதும், நாலு தலைமுறை காத்துவைத்ததை ஒரு நொடியில் தானே கெடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார்.

திருவாலங்காட்டு ஆலைக்குக் கரும்பு லாரிகள் போவதை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். அன்றைக்குத்தான் அந்தக் கரும்புக்குப் பின்னால் ஒரு மனிதன் நிற்பது தெரிந்தது.

"இன்னாம்மா சொல்றாரு?" துரைக்கண்ணுவால் பொறுக்க முடியவில்லை.

"இரு நைனா" என்றாள். அப்பாவிடம் அவள் இப்படிப் பேசியதே கிடையாது.

பிறகு ரெனேவைக் கேட்டாள். "மேலே போனதும் நீங்கள் வண்டியை விட்டு இறங்கினீர்களா?"

"இல்லை."

"சாமியைப் பார்த்தீர்களா?"

"எப்படிப் பார்ப்பேன்? எந்த முகத்தோடு?"

"அப்படியானால் மலைக்குப் போனது வண்டியின் சக்கரம். உங்கள் கால் மலைமேல் படவே இல்லை." சொற்களைத் தேடித்தேடி, ஒரு வினைச்சொல்லைத் தப்பாகச் சொல்லி, திருத்தி, சொல்லி முடித்தாள். "வேண்டுதல் கெடவில்லை. இன்னும் தொடங்கவே இல்லை. கீழே முதல் படி அப்படியே இருக்கிறது."

அந்த அம்மாள் அவர் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார். ரெனேவுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. இதை யார் சொல்கிறார்கள், கோயில்காரர்களா என்று கேட்டார்.

அனுராதா யோசித்தாள். பூசாரி சொன்னதாகச் சொல்லிவிடலாம். எளிது. ஆனால் பொய்.

"நான் சொல்கிறேன்" என்றாள். "ழ சுவி திசி. நான் இந்த ஊர்க்காரி."

பெரியவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு துரைக்கண்ணுவின் கையைப் பிடித்தார். மலைமேல் கூட்டம் எதற்குக் கூடியதென்று அனுராதா சொன்னதும் அவர் பேச, அவள் அப்பாவிடம் திரும்பினாள்.

"உன் மேல கோவமே இல்லையாம் நைனா. படியேறி வரேன்னு வேண்டுதலாம். உனக்குத் தெரியாதுன்னு அவருக்குத் தெரியும். உன்ன திட்டினாங்கன்னு இப்பத்தான் அவருக்குப் புரியுது. ஸ்டாண்டுக்குப் போலாம், நானே சொல்றேன்றாரு."

துரைக்கண்ணு வண்டிப் பக்கம் திரும்பினார். ஆட்டோவைத் துடைக்கிற துணியை எடுத்து, துடைக்க எதுவும் இல்லாத கண்ணாடியைத் துடைத்தார்.

"போயிட்டு வா" என்றார் மிஸ். பின்வரிசையில் ஆகாஷ் எழுந்து நின்றிருந்தான். ஏன் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

மலையடிவாரத்துக் குளமான சரவணப் பொய்கைக்குப் பக்கத்தில் ஸ்டாண்டு. பக்தவச்சலம் கைகட்டி நின்றிருந்தார், சுற்றி ஏழெட்டு பேர். ரெனே இறங்கினார், வெறுங்கால் சூட்டில் பட்டதும் சற்றுத் தயங்கி, பிறகு ஊன்றி நின்றார். அவர் ஒரு வாக்கியம் சொல்லச்சொல்ல, அனுராதா ஒரு வாக்கியம் தமிழில் சொன்னாள். இந்த மனிதர் எங்களை ஏமாற்றவில்லை. நாங்கள் கேட்கத் தெரியாமல் கேட்டோம். இவர் எங்களை விட்டுவிட்டு ஓடாமல், எங்கள் பாஷை தெரிந்த இடத்துக்குக் கொண்டுபோனார்.

பக்தவச்சலம் கடைசிவரை கேட்டார். "சரி சரி. வண்டிய நிழலா பாத்து வுடு துரை" என்றார். அப்புறம் அவளிடம் திரும்பினார். "ஏம்மா, இவ்ளோ பேசறியே, ஒரு நாளாவது இங்க வந்து பேசி இருக்கலாம் இல்ல? உங்க நைனாவ எத்தினி நாளு ஓட்டிகினு இருந்தோம்!"

"கேட்டிருந்தா பேசியிருப்பேன்" என்றாள். அது உண்மையில்லை. இனிமேல் உண்மை.

முதல் படியில் ரெனே முழங்காலிட்டு மஞ்சளைக் குழைத்தார். அந்த அம்மாள் குங்குமம் வைத்தார். கற்பூரம் காற்றில் அணைந்து அணைந்து போக, துரைக்கண்ணு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து இரண்டு கையாலும் மறைத்துப் பிடித்தார். மேலேயிருந்து இறங்கி வந்த குடும்பம் ஒன்று நின்று வேடிக்கை பார்த்தது.

"யாருங்க இவங்க? கூட அந்தப் பொண்ணு இன்னா பாஷ பேசுது?"

"பிரெஞ்சுங்க" என்றார் துரைக்கண்ணு, கற்பூரத்திலிருந்து கண்ணெடுக்காமல். "அது எம் பொண்ணு."

அனுராதா அடுத்த படியில் நின்று, மஞ்சள் கிண்ணத்தை நீட்டினாள்.