புள்ளி வைத்த ஞாயிறுகள்

நெறியாளரின் அறையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவர் உட்கார்ந்திருந்தார், இன்னொன்றில் திருத்தாத விடைத்தாள்கள் உட்கார்ந்திருந்தன. டீச்சர் நின்றுகொண்டிருந்தாள்.

துறையில் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். பகலெல்லாம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு மாலையில் வந்து ஆய்வேடு எழுதுகிறவள். நெறியாளரைவிட இரண்டு வயது மூத்தவள். அதனால் அவர் திட்டும்போதும் மரியாதை குறையாமல்தான் திட்டுவார்.

“இருநூத்திப் பன்னெண்டாம் பக்கம். இது யாரு டீச்சர்?” ஒரு பெயரைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்.

“எங்க அக்கா, சார்.”

“இனிஷியலைப் பாத்தாலே தெரியுது. துணைநூல் பட்டியல்ல அக்காவுக்கு என்ன வேலை? புத்தகம் எழுதினாங்களா? கட்டுரை போட்டாங்களா?”

“நோட்டு எழுதினா.”

அக்கா நீரேற்று நிலையத்தில் பம்ப் ஆபரேட்டர். பத்தொன்பது வருடம், காலை ஆறு மணிக்கு மோட்டாரைப் போடுவதற்கு முன்னால், இரும்புக் குண்டு கட்டிய நாடாவைக் கிணற்றுக்குள் இறக்கி, குண்டு தண்ணீரைத் தொடும் சத்தத்துக்குக் காதைக் கொடுத்து, அளவை நோட்டில் எழுதினாள். எழுதச் சொன்னவர் யாருமில்லை. போன வருடம் காய்ச்சல் என்று படுத்தவள் ஒன்பதாம் நாள் போய்விட்டாள். அதே கிணற்றைப் பற்றித்தான் டீச்சரின் ஆய்வு.

நெறியாளர் பேனாவை மூடினார். “படிக்கிறவன் எழுந்து போய்ப் பாக்க முடிஞ்சதைத்தான் பட்டியல்ல போடணும். புத்தகம்னா பதிப்பகம் இருக்கு. கட்டுரைன்னா இதழ் எண் இருக்கு. இணையதளம்னா முகவரி இருக்கு. உங்க வீட்டு பீரோவுல இருக்கிற நோட்டை எவன் வந்து பாப்பான்? உரைக்குள்ளயே அடைப்புக்குறி போட்டுத் தனிப்பட்ட தகவல்னு எழுதுங்க. போதும்.”

“ஆறாயிரம் நாள் அளவு சார். அதுவா தனிப்பட்ட தகவல்?”

“அப்ப இதே கிணத்தைப் பத்திப் பேராசிரியர் எழுதின கட்டுரையைக் காட்டிட்டுப் போங்க. அதே எண்ணெல்லாம் அவரோட மூணாம் அட்டவணைல இருக்கு. விட்டது தொல்லை.”

அந்தத் தொல்லைதான் டீச்சரின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. எட்டு வருடத்துக்கு முன் பேராசிரியர் காரில் வந்து இறங்கி, அக்காவிடம் நோட்டுகளை வாங்கிப் போனார். முதல் நோட்டை மட்டும் அக்கா கொடுக்கவில்லை. அட்டை கிழிந்திருக்கிறதே என்று கூச்சப்பட்டாள். இரண்டு மாதத்தில் நோட்டுகள் தேநீர்க் கறையோடு திரும்பி வந்தன. கட்டுரை வெளியானபோது அட்டவணைக்குக் கீழே ‘களத்தில் திரட்டியது’ என்று இருந்தது. யார் திரட்டியது என்று இல்லை.

அந்தக் கட்டுரையால் பேராசிரியருக்குப் பெரிய பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் கிணற்று மட்டம் இறங்குவதில்லை. சுற்றிலுமுள்ள பட்டறைகள் அன்று தண்ணீர் உறிஞ்சாததே காரணம் என்று கண்டுபிடித்திருந்தார். திங்களன்று மட்டம் இரண்டு பங்கு இறங்குவதற்கும் அவர் கைவசம் ஒரு காரணம் இருந்தது. அதற்குப் பிறகு பத்துக் கட்டுரைகள் அவரைச் சான்று காட்டி வந்துவிட்டன.

டீச்சருக்கு அந்த ஞாயிறுகளைத் தெரியும். ஞாயிறு அக்காவுக்கு விடுமுறை. அன்று வேலைக்கு வருகிறவனுக்கு அக்கா வைத்த பெயர் தூங்குமூஞ்சி. அவன் நாடாவைத் தொடவே மாட்டான். சனிக்கிழமை அளவைப் பார்த்து அப்படியே எழுதிவைப்பான். திங்கள் காலை அக்கா அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பாள். “நான் பாக்காததை நான் பாத்தேன்னு எழுதிக்கிட்டா நல்லாவா இருக்கும்?” என்று சாப்பிடும்போது சொல்வாள். முதல் நோட்டின் பின்னட்டைக்கு உள்பக்கம் அவள் கையெழுத்திலேயே இருக்கிறது: ‘புள்ளி வைத்தது நான் அளந்தது அல்ல.’

இருந்தாலும் கணக்கு டீச்சர் அல்லவா? பதினோரு ஞாயிறுகள் தானே போய் நாடாவை இறக்கிப் பார்த்தாள். மற்ற நாள்களைப் போலவே மட்டம் இறங்கியிருந்தது. அதையும் ஆய்வேட்டில் எழுதியிருந்தாள்.

“உங்க புறத்தேர்வாளரே அவர்தான், தெரியுமில்ல?” என்றார் நெறியாளர்.

“தெரியும் சார்.”

“தெரிஞ்சுமா?”

“படிக்கிறவங்க போய்ப் பாக்கணும், அவ்வளவுதானே சார்? பாக்க வைக்கிறேன்.”

மறுநாளே நூலகத்தின் இரண்டாவது மாடிக்கு ஏறினாள். மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அதையே மேசையெல்லாம் தேடுகிற நூலகர் அம்மாதான் கையெழுத்துப் பிரிவுக்குப் பொறுப்பு. புள்ளிக் கதை முழுவதையும் டீச்சர் அவரிடம் சொன்னாள்.

“தாராளமா குடுங்க. பதிவு எண் போட்டுப் பெட்டில வெச்சிடலாம். அப்புறம் உலகத்துல யாரு வேணா வந்து பாக்கலாம். ஆனா ஒண்ணு டீச்சர், குடுத்தா குடுத்ததுதான். வீட்டுக்குக் கொண்டுபோறேன்னு நீங்களே வந்து கேட்டாலும் தர மாட்டேன்.”

“நகல் எடுத்துக் குடுத்தா ஆகாதா?”

“நகலைக் குடுத்தா, புள்ளியை நீங்களே வெச்சீங்கம்பான்.”

டீச்சர் இரண்டு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. அக்காவின் புடவைகளை எல்லாம் கொடுத்தாயிற்று. அவள் கை பட்டதென்று வீட்டில் இருந்தவை அந்தப் பத்தொன்பது நோட்டுகள்தான். முனைகளில் மோட்டார் கிரீஸ் பெருவிரல் பெருவிரலாகப் பதிந்திருந்தது. முகர்ந்தால் அக்கா வேலை முடிந்து உள்ளே வருகிற வாசனை. ஒரு பக்கத்தின் ஓரத்தில், அளவுக்குக் கீழே, ‘தங்கச்சிக்குக் காய்ச்சல். சீக்கிரம் போகணும்’ என்று எழுதியிருந்தது.

மூன்றாவது வாரம் இரண்டு துணிப்பைகளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள். நூலகர் அம்மா ஒவ்வொன்றாகப் புரட்டி எண் போட்டார். அந்தப் பக்கம் வந்ததும் நிறுத்தினார்.

“இது வீட்டு விஷயமாச்சே. தாள் ஒட்டி மறைச்சிடவா?”

“வேண்டாம்மா. பாக்கட்டும்.”

“ஆசிரியர்னு யார் பேரைப் போடணும்?”

டீச்சர் சொன்னாள். இனிஷியலோடு சொன்னாள்.

வாய்மொழித் தேர்வு நான்கு மாதம் கழித்து நடந்தது. பேராசிரியர் நேராக இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்தார்.

“ஒரு பம்ப் ஆபரேட்டரோட நோட்டு. அதுவும் என் கட்டுரைக்கு நேர் மேல.”

“அகரவரிசை சார். நான் ஒண்ணும் பண்ணலை.”

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நெறியாளர் இல்லாத இருமலை இருமினார்.

“அப்ப ஞாயிறு பத்தி எழுதின நாங்க பதினோரு பேரும் முட்டாளுங்க, அப்படித்தானே?”

“அப்படிச் சொல்லலை சார். பத்துப் பேர் உங்களைப் பாத்து எழுதினாங்க. நீங்க நோட்டைப் பாத்து எழுதினீங்க. ஞாயித்துக்கிழமை ஆள் சனிக்கிழமையைப் பாத்து எழுதினான். கிணத்தை யாருமே பாக்கலை.”

பேராசிரியர் புள்ளிகளைப் பற்றிய பக்கத்தைப் புரட்டினார்.

“புள்ளிக்கு அதுதான் அர்த்தம்னு நான் எப்படிம்மா நம்பறது? நீங்க சொன்னா ஆச்சா?”

“நான் சொல்லி நம்ப வேண்டாம் சார். நூலகம், ரெண்டாவது மாடி, பெட்டி எண் பதினாலு, முதல் நோட்டு, பின்னட்டைக்கு உள்பக்கம். திங்கள்லேருந்து சனி வரைக்கும், காலைல பத்துலேருந்து அஞ்சு மணி வரைக்கும் திறந்திருக்கும். ஞாயித்துக்கிழமை லீவு சார்.”

பேராசிரியர் ஆய்வேட்டை மூடினார். முடிவைப் பிறகு எழுதி அனுப்புவதாகச் சொல்லிவிட்டு எழுந்தார்.

“சும்மா இருந்திருக்கலாம்ல டீச்சர்,” என்றார் நெறியாளர் வராந்தாவில். “ஒரே ஒரு வரிதானே.”

“ஒரே ஒரு வரிதான் சார். அதனாலதான் விட முடியலை.”

மறுநாள் பள்ளி விட்டதும் நூலகத்துக்குப் போனாள். நூலகர் அம்மா அவளைப் பார்த்ததும் மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு சீட்டுகளை எடுத்துப் போட்டார். கையெழுத்துப் பிரிவில் எதைப் பார்க்க வேண்டுமென்றாலும் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும்.

“காலைல உங்க பேராசிரியர் வந்தார். முதல் சீட்டைப் பாருங்க.”

‘நீரேற்று நிலையக் குறிப்பேடுகள், பெட்டி 14’ என்று அதில் எழுதியிருந்தது. ஆசிரியர் என்ற கட்டம் காலியாக இருந்தது.

“ஆசிரியர் பேர் இல்லாம பெட்டி எடுக்க மாட்டேன்னுட்டேன். எனக்குத் தெரியாதேம்மான்னார். உங்க கட்டுரைக்கு நேர் மேல இருக்காமே சார், பாத்து எழுதுங்கன்னேன். அப்புறம்தான் இது.”

இரண்டாவது சீட்டில் அக்காவின் பெயர் இருந்தது. இனிஷியலோடு, முழுதாக, பேராசிரியரின் சாய்ந்த கையெழுத்தில்.

“பின்னட்டையைத் திறந்து வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தார்,” என்றார் நூலகர் அம்மா. “முடிவு வந்துடுச்சா?”

“இன்னும் இல்லை. வர்றப்ப வரட்டும். நான் நோட்டைப் பாக்கணும்.”

“உங்களுக்கும் சீட்டுதான்.”

டீச்சர் பேனாவை எடுத்தாள். ஆசிரியர் என்ற கட்டத்தை முதலில் நிரப்பினாள், அடியில் இருந்த வெற்றுச் சீட்டிலும் தடம் விழும்படி அழுத்தி.