இறால் யாவாரியின் இரத்தம்

திருகோணமலைத் துறைமுகத்தில், மூதூர்ப் படகு வந்து கட்டுகிற ஜெட்டிக்குப் பக்கத்தில் பதினெட்டு வருடமாக இறால் விற்கிறேன். எனக்கு இறால் ஒத்துவராது. ஒரு துண்டு வாயில் பட்டால் போதும், உடம்பு முழுக்கத் தடித்துவிடும். இது வெளியில் தெரிந்தால் எவன் என்னிடம் வாங்குவான்? வீட்டில்கூட மூச்சு விட்டதில்லை.

"நானா, நானா" என்று என்னைச் சுற்றிவரும் தங்கை றிஷானாவுக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. எலும்புக்குள் இரத்தத்தை உண்டாக்குகிற மச்சை அவளுக்குக் கெட்டுப்போனதால், கொழும்பில் அதை அழித்துவிட்டு என்னுடையதை ஏற்றினார்கள். என்னிடம் எடுப்பதற்கு முன், ஒத்துவராத சாப்பாடு ஏதும் உண்டா என்று கேட்டார்கள். வெட்கங்கெட்ட நாக்கு, இல்லை என்றது. கொழும்பில் இருக்கிற டொக்டரா என்னிடம் இறால் வாங்கப் போகிறார்!

ஏழு மாதம் போனது. அவள் உடம்பில் ஓடுவது என் மச்சை உண்டாக்கிய இரத்தமா, பழசு திரும்பிவிட்டதா என்று பார்க்கக் கொழும்புக்கு இரத்தம் அனுப்பியிருந்தோம். பழசு என்றால் நோயும் திரும்பும்.

முடிவு தெரியுமுன் ஒரு வெள்ளிக்கிழமை, அவள் ஆசைப்பட்டாள் என்று, மச்சை ஏற்றிய பிறகு முதன்முறையாக இறால் பொரித்துக் கொடுத்தோம். கால் மணித்தியாலத்தில் முகம் வீங்கி, உடம்பெல்லாம் தடித்தது. நோய் திரும்பிவிட்டது என்று உம்மா தலையில் அடித்துக்கொண்டார். ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம்.

றிஷானாவை இங்கே தொடர்ந்து பார்க்கிற டொக்டர் விதுசா ஊசி போட, வீக்கம் இறங்கத் தொடங்கியது.

"இவவுக்கு முந்தியும் இறால் ஒத்துவராதா?"

"தட்டுத் தட்டாத் திண்டவ, டொக்டர்" என்றேன்.

"அப்ப உங்களுக்கு?"

அடுத்த கட்டிலில் என் வாடிக்கைக்காரி நஜ்முன் நிஸா காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். யாவாரம் நாசமாய்ப் போகட்டும்.

"எனக்கு ஏலாது. அண்டைக்குக் கொழும்பில பொய் சொன்னனான்."

திட்டுவார் என்று நின்றேன். அவர் சிரித்தார்.

"ரத்தத்தைச் சிவப்பாக்கிற கலத்துக்கும், கிருமியோட சண்டை பிடிக்கிற வெள்ளைக் கலத்துக்கும் தாய் ஒண்டுதான். மச்சைக்குள்ள இருக்கிற மூலக்கலம். அதைத்தான் நீங்கள் குடுத்தனீங்கள். ரத்தத்தோட உங்கட காவல்காரரும் வந்திட்டினம் போல. அவைக்கு இறால் பகை. ஆனா கொழும்பு றிப்போட் பாக்காமச் சொல்ல ஏலாது."

அங்கேயே போனில் கொழும்புக்குக் கோல் எடுத்தார். றிப்போட் வந்திருந்தது.

"நூற்றுக்கு நூறு, நஸ்ரி. முழுக்க உங்கட ரத்தந்தான். பழசு ஒரு துளியும் இல்லை."

உம்மா "அல்ஹம்துலில்லாஹ்" என்று நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் வார்டு நடுவில் கைதட்டிச் சிரித்தேன், அழுதேன். நாங்கள் வென்றுவிட்டோம்!

றிஷானா வீங்கிய கண்ணைக் கொஞ்சம் திறந்தாள்.

"நானா, உசிரத் தந்தீங்கள், சரி. என்ர இறாலை ஏன் பறிச்சீங்கள்?"