புலி திரும்பும் இடம்

காலண்டருக்குக் காட்டுப்புலி வேண்டும் என்றார்கள். ரங்கூனில் காட்டுக்கு நான் எங்கே போவது? மிருகக்காட்சிசாலைக்குத்தான் போனேன். அந்தப் பாழாய்ப்போன புலி ஒரு நொடி நிற்கவில்லை. கூண்டுக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தது. சுவரோரம் திரும்பும்போது மட்டும் வேகம் குறையும். அதனால் அங்கேயே உட்கார்ந்து, அது திரும்பும்போதெல்லாம் பேனாவால் கொஞ்சம் கொஞ்சமாக வரைந்தேன்.

லான்மடாவில் எங்கள் நாலாம் மாடி வீட்டுக்கு வந்ததும், சுவரையும் கம்பியையும் விட்டுவிட்டு, சுற்றிலும் மூங்கில் காடு போட்டேன். மை காய்வதற்குள் என் வீட்டுக்காரர் மாஹிர் எட்டிப் பார்த்தார்.

"புலி அசல்தான், நிலோஃபர். ஆனா முன்னாடி இவ்வளவு காடு கிடக்கே, அது ஏன் திரும்புது?"

"உங்களுக்கு என்ன தெரியும்? கடையைப் போய்ப் பாருங்க!"

கத்திவிட்டேன். மையை அழிக்கவும் முடியாது. எழுந்து விறுவிறுவென்று ஜன்னல்வரை நடந்தேன், திரும்பினேன். கதவுவரை நடந்தேன், திரும்பினேன்.

மாஹிர் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுக் கடைக்குப் போனார்.

அடுத்த நடையிலும் நான் வாசலில்தான் திரும்பினேன்.