சோலையும் சோலியும்

எனக்கு முருகம்மாள் என்று பெயர் வைத்தார்கள். வைத்ததோடு சரி, யாரும் கூப்பிடவில்லை. மேல்மலை முழுக்க நான் ‘ரோகிணி தங்கச்சி’. பஸ் கண்டக்டருக்கு அப்படித்தான், ரேஷன் கடைக்காரருக்கு அப்படித்தான், ஊசி போடுகிற நர்ஸம்மாவும் சீட்டில் அப்படித்தான் எழுதப் பார்த்தார். ரோகிணி என் அக்கா. சோலைக்காடுகளைக் காப்பாற்றச் சொல்லிப் பேசிப் பேசி, கொடைக்கானலில் ஆரம்பித்து, சென்னை, டில்லி என்று போய், கடைசியில் பனி கொட்டுகிற ஏதோ ஒரு நாட்டில் மைக் பிடித்துவிட்டு வந்தவள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். ஒரே போர்வைக்குள் வளர்ந்தோம். போர்வையில் முக்கால் பங்கு அப்போதே அவளுடையது.

எந்த மேடை ஏறினாலும் அக்கா ஒரே மாதிரிதான் தொடங்குவாள். “சின்ன வயதில் தினமும் விடிவதற்கு முன்பே எங்கள் ஊர்ச் சோலைக்குள் போவேன். அந்த மரங்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும்போது மனதுக்கு ஓர் அமைதி கிடைக்கும்.” இந்த இடத்தில் பனி நாட்டில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டதை வீடியோவில் பார்த்தேன். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. சிரிப்பை அடக்கினால் எனக்கு அப்படித்தான் வரும். அப்போது எங்கள் வீட்டில் கக்கூஸ் கிடையாது. அக்கா சோலைக்குள் எதற்குப் போனாள், அந்த அமைதி எப்போது கிடைத்தது எல்லாம் எனக்குத் தெரியும். வழியில் ஆள் வராமல் காவலுக்கு நின்றது நான்தான். உள்ளேயிருந்து நிமிஷத்துக்கொரு தடவை “நிக்கிறியாடி?” என்பாள். “நிக்கிறேன்க்கா” என்பேன். குளிரில் பல் கிட்டித்துப்போகும்.

இதெல்லாம் எனக்கு ஒரு குறையாகவே இருந்ததில்லை, வேலி வரும் வரைக்கும்.

நான் நல்லுசாமியின் கேரட் கழுவும் கொட்டகையில் வேலை பார்க்கிறேன். தோட்டத்திலிருந்து வருகிற கேரட்டைக் கழுவி, தரம் பிரித்து, மூட்டை பிடித்து லாரியில் ஏற்றுவது எங்கள் பாடு. எல்லாரும் பெண்கள். வெள்ளனே வந்தால் லாரி கிளம்பும் வரை அசைய முடியாது. கொட்டகைக்குப் பின்னால் சோலை. அவசரத்துக்கு அங்கேதான் ஒதுங்குவோம். அக்காவின் போராட்டம் ஜெயித்ததும் அந்தச் சோலையைச் சுற்றிக் கம்பிவேலி போட்டார்கள். ‘உள்ளே நுழையாதீர்’ என்று போர்டும் வைத்தார்கள். போர்டைத் திறந்துவைத்து அக்கா பேசினாள், நாங்கள் கை தட்டினோம். கை தட்டி முடித்த பிறகுதான், இனிமேல் எங்கே போவது என்ற யோசனையே எங்களுக்கு வந்தது.

அன்றிலிருந்து பெண்கள் தண்ணீர் குடிப்பதை விட்டார்கள். காலை டீயை விட்டார்கள். கேரட்டுக்கு நாள் முழுக்கக் குளிப்பு, கழுவுகிறவர்களுக்குத் தொண்டை நனைக்கப் பயம். எங்களில் மூத்தவரான பொன்னுத்தாயி அக்காவுக்கு நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சலில் படுத்து, எழுந்து வந்தபோது முகம் பாதியாகியிருந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நேரே முதலாளியிடம் போனேன்.

“வாங்க வாங்க, ரோகிணி தங்கச்சி!” என்று நல்லுசாமி நாற்காலியை இழுத்துப் போட்டார். எங்கள் கொட்டகையில் வேலையாளுக்கு நாற்காலி போட்டது அதுவே முதல் தடவை.

“கொட்டகைக்கு ஒரு கக்கூஸ் கட்டித் தரணுங்க.”

“கட்டிருவோம், கட்டிருவோம். அக்கா அடுத்து எந்த நாட்டுக்குப் போறாக?”

“தண்ணி வசதி இருக்குங்க. ஓரத்துல இடமும் சும்மாதான் கெடக்கு.”

“அக்காவ ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க, நாளைக்கே செங்கல் எறக்கிருவேன். அப்படியே எம் மகளோட ஒரு போட்டோவும் எடுத்துக்கணும்.”

ஒவ்வொரு தடவை போனபோதும் காபி வந்தது, செங்கல் வரவில்லை. அக்காவிடம் சொல்லு என்று பொன்னுத்தாயி அக்காவும் சொல்லிப் பார்த்தார். நான் மாட்டேன் என்றேன். வழியை அடைத்ததே அவள், அவளிடமே போய்க் கெஞ்ச எனக்கு வாய் வரவில்லை. இன்னொன்றும் இருந்தது. அக்கா சொல்லிக் கட்டினால் அது அக்கா கட்டியதாகிவிடும். சோலை, மலை, அருவி, காட்டுமாடு எல்லாம் அவளே வைத்துக்கொள்ளட்டும். ஒரு கக்கூஸாவது என் கணக்கில் இருக்கக் கூடாதா?

அப்போதுதான் அக்கா சென்னையிலிருந்து கூப்பிட்டாள். வேலி போட்ட வருஷ நிறைவுக்கு ஒரு கூட்டம், கொடைக்கானலிலிருந்து ஓர் அதிகாரியம்மா வருகிறார்.

“ரோட்டோரச் சுவர்ல எழுதச் சொல்லிருடி. ‘நம்ம சோலை நம்ம உரிமை.’ பெருசா, பச்சை பெயிண்ட்டுல.”

சுவரில் எழுதுகிற செல்வமுருகனுக்குப் போன் போட்டேன். எங்கள் ஊரில் சிக்னல் ஒரு வார்த்தை வரும், ஒரு வார்த்தை வராது. “நம்ம சோலெ நம்ம உரிமெ” என்று பேச்சுவாக்கில் கத்தினேன். “சரி சரி, வெரசா முடிச்சிர்றேன்” என்றான். முடித்தும்விட்டான். மறுநாள் பார்த்தால் கொட்டகையிலிருந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் சுவருக்குச் சுவர் பச்சைப் பசேலென்று ‘நம்ம சோலி நம்ம உரிமை. ரோகிணி பேசுகிறார். அனைவரும் வாரீர்.’

“ஏலே, சோலைடா! மரம் நிக்குமே, அந்தச் சோலை!”

“நீங்க சோலின்னுதான சொன்னீக? நானும் பரவால்லயே, இப்பவாச்சும் நம்ம பொழப்பப் பத்திப் பேசுறாகளேன்னு சந்தோசமா எழுதுனேன். பெயிண்ட்டும் தீந்துபோச்சு.”

அக்கா என்னைக் கொல்லப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டு அன்று முழுக்கக் கேரட்டைக் கழுவினேன்.

அக்காவின் கூட்டத்துக்கு வழக்கமாக வருவது பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கேமராக்காரர்களும்தான். அன்றைக்கு என்னவென்றால் மேல்மலைப் பெண்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். பூண்டு உரிக்கிறவர்கள், பீன்ஸ் பறிக்கிறவர்கள், மூட்டை கட்டுகிறவர்கள். தூக்குவாளியோடு, தலைத்துண்டோடு, சேற்றுக் காலோடு. வேலி ஓரமாகப் போட்டிருந்த பந்தல் கொள்ளவில்லை. அதிகாரியம்மாவை மேடையில் உட்காரவைத்து நல்லுசாமி தன் கையால் காபிக்கு மேல் காபி கொடுத்துக்கொண்டிருந்தார். அக்காவின் முகம் பூரித்துப்போயிருந்தது. “பாத்தியாடி, எப்படி விழிப்புணர்வு வந்திருக்கு!” என்றாள். சுவர்களை அவள் கவனித்திருக்கவில்லை. 

“சின்ன வயதில் தினமும் விடிவதற்கு முன்பே எங்கள் ஊர்ச் சோலைக்குள் போவேன்” என்று அக்கா தொடங்கினாள்.

“நாங்களுந்தான் போனோம்!” என்றார் பொன்னுத்தாயி அக்கா.

அக்கா பரவசமாகிவிட்டாள். “ஆமா! எல்லாரும் போனோம். ஆனா இனிமே உள்ள போகக் கூடாது. அது அப்படியே இருக்கணும்.”

“அப்ப நாங்க எங்கதான் போறது தாயி?”

“நீங்க எங்கயும் போக வேண்டாம். இது உங்க மண்ணு. யாரும் உங்கள வெளியேத்த முடியாது!”

“எங்கயும் போகாம எம்புட்டு நேரம் அடக்குறது?”

பந்தல் குலுங்கியது. அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “அடக்குமுறைய எதிர்த்துத்தான்...” என்று ஆரம்பித்தவள், சிரிப்பு அதிகமாகவும் நிறுத்திவிட்டாள். பிறகு இன்னும் அழகாக, “எல்லாத்துக்கும் ஒரு மாற்று வழி இருக்கு” என்றாள்.

“அது எங்கருக்குன்னு காட்டுத்தா. எனக்கு இப்பவே வேணும்” என்று பொன்னுத்தாயி அக்கா எழுந்தே விட்டார்.

மேடை ஓரம் நின்றிருந்த என் பக்கம் அக்கா குனிந்தாள். “என்னடி இது? யாரு இவங்களக் கூப்பிட்டா?”

“சுவரு கூப்பிட்டுச்சுக்கா. மைக்க இப்படிக் குடு, நான் சொல்றேன்.”

“நீ ஒஞ்சோலியப் பாரு!”

மைக்கை அணைக்க மறந்திருந்தாள். ‘ஒஞ்சோலியப் பாரு’ என்பது மலை முழுக்கக் கேட்டது.

“அதத்தான சொல்றோம்!” என்று பெண்கள் கத்தினார்கள்.

“அதத்தான்க்கா பாக்குறேன்” என்று நான் மைக்கைப் பிடுங்கினேன்.  அதுவரை நான் மைக்கில் பேசியதே இல்லை, எங்கள் வீட்டில் அந்த இலாகா அவளுடையது. “எங்க கொட்டகைக்குக் கக்கூஸ் வேணும்” என்றேன். “கழிப்பறைன்னு சொல்லுடி” என்று அக்கா கிசுகிசுத்தாள். “கக்கூஸு!” என்று இன்னும் சத்தமாகச் சொன்னேன். “வேலி நல்லதுதான். சோலை இல்லேன்னா கேரட் கழுவத் தண்ணி ஏது? ஆனா வேலிக்கு இந்தப் பக்கம் நிக்கிற நாங்க தண்ணி குடிக்கப் பயந்து காய்ச்சல்ல படுக்கிறோம். முதலாளிகிட்டக் கேட்டா அக்காவச் சொல்லச் சொல்றாரு. அக்கா எதுக்குச் சொல்லணும்? கேக்குறது நான். எம் பேரு முருகம்மாள். எங்கக்கா தினமும் வெள்ளனே சோலைக்குள்ள போனது சத்தியமான உண்மை. காவலுக்கு நின்னவ சொல்றேன்.”

 பின்வரிசையில் ஒருத்தி களுக்கென்றாள், அவ்வளவுதான், பந்தலே கவிழ்ந்துவிடும் போலாயிற்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவின் முகம் கேரட் நிறத்தில் இருந்தது. சொந்த அக்காவை ஊர் முன்னால் இப்படிப் பண்ணிவிட்டேனே என்று இருந்தது. அவள் மைக்கை வாங்கினாள். 

“ஆமா” என்றாள். “அதுக்குத்தான் போனேன். பாம்பு வந்துருமோன்னு பயந்துகிட்டே உக்காந்திருப்பேன். எனக்கு இவ நின்னா. உங்களுக்கு நான் வேலியப் போட்டுட்டுப் போயிட்டேன். என் புத்தியில படவே இல்ல.”

மேடை கொடுத்த எந்த மினுமினுப்பும் இல்லாத குரல் அது. போர்வைக்குள்ளே பேசுகிற குரல். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது.

அதிகாரியம்மா நல்லுசாமி பக்கம் திரும்பினார். “இங்க பக்கத்துல எங்கயுமே இல்லையா?”

“எங்க வீட்ல இருக்குங்கம்மா.”

“எவ்வளவு தூரம்?”

“ஜீப்புல போனா பக்கந்தாங்க.”

அவர் கொடைக்கானலிலிருந்து அத்தனை வளைவும் இறங்கி ஏறி வந்தவர், அதற்கு மேல் நல்லுசாமியின் காபி வேறு. “எப்போ கட்டுவீங்க?” என்றார் எழுந்து நின்று. அந்தக் கேள்வியில் இருந்த அவசரத்தை நல்லுசாமி தவறாகப் புரிந்துகொண்டு அங்கேயே, எல்லார் முன்னாலும், திங்கட்கிழமை செங்கல் இறக்குவதாகச் சொல்லிவிட்டார். அதிகாரியம்மா ஜீப்புக்கு ஓடினார்.

செங்கல் இறங்கியது. கட்டடமும் எழுந்தது, கதவு, தாழ்ப்பாள், குழாய் எல்லாம் சுத்தமாக. ஆனால் லாரிக்கார ஆண்கள் நிற்கிற இடத்தில் அந்த வார்த்தையைச் சொல்லப் பெண்களுக்குக் கூச்சம். பொன்னுத்தாயி அக்காதான் ஆரம்பித்துவைத்தார். “நான் முருகம்மாளுக்குப் போயிட்டு வாரேன்.” அப்புறம் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். முருகம்மாளில் ஆள் இருக்கு. முருகம்மாளில் தண்ணி வரல. முருகம்மாளக் கழுவிவிடுங்கடி. முதல் நாள் எனக்கு அழுகையே வந்தது. பிறந்ததிலிருந்து யாரும் கூப்பிடாத பெயரை இப்போது ஊரே நாளெல்லாம் கூப்பிடுகிறது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

போன வாரம் அக்கா வந்தாள், கேமராக்காரர்களோடு. ஜீப் நிற்பதற்குள் குதித்து, நேரே என்னிடம் ஓடி வந்தாள்.

“முருகம்மா எங்கடி?”

“நான்தான்க்கா முருகம்மா.”

“நீ இல்லடி! வெரசா சொல்லு, தாங்க முடியல!”

கையைக் காட்டினேன். ஓடினாள். கேரட் கூடையை இறக்கிவைத்துவிட்டு நானும் பின்னாலேயே போனேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

“நிக்கிறியாடி?”

“தாழ்ப்பாள் இருக்குக்கா.”

“இருந்தாலும் நில்லு.”

நின்றேன்.