நைமாவுக்கு ஒரு பெட்டி

பிப்ரவரியில் வந்த பக்கவாதம் என் இடது கையைப் பிடித்துக்கொண்டு வாயை மட்டும் விட்டுவிட்டது. பிடித்ததுதான் பிடித்தது, வாயையும் சேர்த்துப் பிடித்திருக்கக் கூடாதா என்று என் அக்கா கார்லெட்டா சர்ச் சபையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

அந்த வாயோடுதான் ஆகஸ்டு மாதம் என் மகள் நைமாவின் விடுதி அறைக்குச் சாமான் வாங்கப் போனேன். அவளுக்குத் தூரத்து அயோவா மாநிலத்தில் பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. எங்கள் வீட்டில் நானும் அவளும்தான். அவள் அம்மா அட்லாண்டாவில் வேறு குடும்பத்தோடு சௌக்கியமாக இருக்கிறாள். அது வேறு கதை, அதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும்.

கடை வாசலில் நடக்க முடியாதவர்களுக்கென்று பேட்டரி வண்டி நிற்கும். நைமா அதைக் காட்டினாள்.

“ஏறுங்கப்பா.”

“எனக்கென்ன கால் இல்லையா?”

“கால் இருக்கு. பாதிக் கடை நடந்ததும் அது எங்க இருக்குன்னு தேடுவீங்க. ஏறுங்க.”

கடை வாசலிலேயே ஒரு மூச்சுச் சண்டை போட்டுவிட்டு ஏறினேன். ஏறின கோபத்தில் துண்டு அடுக்கி வைத்திருந்த மேடை மேல் மோதினேன். துண்டுகள் சரிந்தன. நைமா சிரிக்காமல் அடுக்கினாள். எதற்கும் சிரிக்கிற பெண் அவள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மேசை விளக்கு, அழுக்குத் துணிப் பை, பொதுக் குளியலறைக்குப் போட்டுக்கொண்டு போக ரப்பர் செருப்பு, கட்டிலை உயர்த்த நாலு கட்டைகள் என்று நான் பாட்டுக்கு எடுத்து வண்டியில் போட்டேன். படுக்கை விரிப்பு எடுக்கும்போது நல்ல மஞ்சள் நிறத்தில் ஒன்று கிடைத்தது. நைமாவுக்கு மஞ்சள் என்றால் உயிர். அவள் பொட்டலத்தைத் திருப்பிப் பின்பக்கம் படித்தாள். பிறகு, “சரிப்பா,” என்று வைத்துவிட்டாள். பரவாயில்லையே, நான் எடுத்த ஒன்றாவது என் மகளுக்குப் பிடித்துவிட்டதே என்று எனக்குப் பெருமை.

மைக்ரோவேவ் இருந்த பக்கம் போனோம். அறையில் கூட இருக்கப் போகிற பெண் ஹெய்டி, குளிர்பெட்டியை நான் கொண்டு வருகிறேன், மைக்ரோவேவை நீ கொண்டு வருகிறாயா என்று எழுதிக் கேட்டிருந்தாள்.

“அவளுக்குப் பதில் போட்டியா?” என்றேன்.

“இல்ல.”

“அவ கேட்டு எவ்வளவு நாளாச்சு! ஏன்?”

நைமா வண்டியின் முன்னால் வந்து நின்றாள். “நான் போகலப்பா. இங்கேயே பக்கத்து காலேஜ்ல பேர் கொடுத்துட்டேன்.”

“யாரைக் கேட்டு?”

“உங்க மாத்திரையை யார் பிரிச்சுக் கொடுப்பா? சட்டைக்கு யார் பட்டன் போடுவா? போன மாசம் குளியலறையில வழுக்கி விழுந்தீங்களே, நான் வீட்ல இல்லாம இருந்திருந்தா?”

“நான் சமாளிச்சிருப்பேன்.”

“எப்படி?”

பக்கவாதம் விட்டுவைத்த வாய்தான். மைக்ரோவேவையும் எடுத்து வை என்று மட்டும் சொன்னது. எல்லாச் சாமானையும் வாங்கிக்கொண்டு வீடு வந்தோம்.

எங்கள் பக்கம் கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்து விருந்து வைப்பார்கள். வருகிறவர்கள் ஆளுக்கொரு சாமானைப் பெட்டியில் போட்டு வாழ்த்திவிட்டுப் போவார்கள். மே மாதமே கார்லெட்டா அதைப் பற்றிக் கேட்டிருந்தாள். என் பிள்ளைக்கு வேண்டியதை எனக்கு வாங்கத் தெரியும், ஊரில் கையேந்தச் சொல்கிறாயா என்று அவளைக் கடித்துக் குதறியிருந்தேன். இப்போது நானே அவளைக் கூப்பிட்டேன்.

“அக்கா, நைமாவுக்குப் பெட்டி விருந்து வைக்கணும்.”

“யாருடா பேசறது? என் தம்பி வெண்டெல் குரல் மாதிரி இருக்கு.”

நடந்ததைச் சொன்னேன். என் திட்டத்தையும் சொன்னேன். ஊரே வந்து பெட்டியை நிரப்பிவிட்டுப் போன பிறகு எந்த முகத்தோடு போகவில்லை என்பாள்?

“நீ விருந்து வைக்கிறியா, பொறி வைக்கிறியா?”

“ரெண்டும்தான்.”

“அவ எதுக்குடா போக மாட்டேங்கிறா?”

“எனக்காகத்தான்.”

“அப்போ அவ பெட்டி நிரம்பினா மட்டும் போதுமா?” என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்கள் கொல்லைப்புறத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒரு பக்கம் விலா எலும்புக் கறி சுடும் புகை. இன்னொரு பக்கம் உருளைக்கிழங்கு சாலட்டில் யார் திராட்சை போட்டது என்று விசாரணை. புல்தரையின் நடுவே கார்லெட்டா வாங்கி வந்த கறுப்புப் பெட்டி வாயைத் திறந்துகொண்டு இருந்தது. ஆனால் ஊர் முழுக்க ஒரே யோசனை. வந்தவர்களில் பாதிப் பேர் சலவைச் சோப்புதான் கொண்டு வந்தார்கள். அயோவாவில் இருக்கிற அழுக்கு முழுவதையும் நைமா துவைத்துவிடலாம்.

நைமா எல்லோரையும் கட்டிக்கொண்டாள், எல்லோருக்கும் நன்றி சொன்னாள். இஷ்டமில்லாத மாப்பிள்ளைக்கு முன்னால் நிற்கிற பெண் மாதிரி நின்றாள். என் பொறியில் அவள் விழப் போவதில்லை என்று தெரிந்துவிட்டது.

அப்போது கார்லெட்டா ஒரு சட்டியைக் கரண்டியால் தட்டினாள். இரண்டு பேர் இன்னொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் காலடியில் வைத்தார்கள். மூலைகள் துருப்பிடித்த, சின்னப் பெட்டி.

“இது வெண்டெலுக்கு,” என்றாள்.

“எனக்கு எதுக்குப் பெட்டி? நான் எந்தக் காலேஜுக்குப் போறேன்?”

“அவ வெளியூர் போறா, நீ தனியா இருக்கப் போறே. உனக்கும் இது முதல் வருஷம்தானேடா!”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. எழுந்து உள்ளே போய்விடலாமா என்றுகூடப் பார்த்தேன். அதற்குள் தையல்கார ப்ரூயிட் அம்மா வந்து நாலு சட்டையைப் பெட்டியில் வைத்தார். என் சட்டைகளேதான். காணவில்லை என்று வீடெல்லாம் தேடிக்கொண்டிருந்தேன்; கார்லெட்டா எடுத்துப் போயிருக்கிறாள். பட்டனை எடுத்துவிட்டு, ஒரு கையால் அழுத்தினால் ஒட்டிக்கொள்கிற பட்டை வைத்துத் தைத்திருந்தார். ஒருவர் ஒற்றைக் கையால் காய் நறுக்குகிற கத்தி போட்டார். கார்லெட்டா கிழமைவாரியாக அறை வைத்த மாத்திரை டப்பாவைப் போட்டாள்.

“தினமும் காலையில போன் பண்ணுவேன். எடுக்கலேன்னா நேர்ல வந்து வாயைத் திறந்து போடுவேன்.”

கடைசியாகப் பக்கத்து வீட்டு யூபேங்க்ஸ் வந்தார். கையில் நீளமான எஃகுக் கம்பி. “குளியலறையில பிடிச்சுக்க. நாளைக்கு நானே வந்து சுவர்ல மாட்டித் தர்றேன். இன்னொண்ணு. காலையில உன் ஜன்னல் திரை திறக்கலேன்னா கதவை உடைச்சுட்டு உள்ள வருவேன்.”

“அந்தக் கதவை உடைக்க உன்னால ஆகாது,” என்றேன்.

“எத்தனை மணிக்குப் பார்ப்பீங்க?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். நைமா.

“காப்பி குடிக்கிறப்போ பார்ப்பேன்மா. விடிஞ்சதும் குடிப்பேன்.”

“நீங்க ஊருக்குப் போயிட்டா?”

“நான் எங்க போவேன்? என் பொண்டாட்டியே என்னை எங்கயும் கூட்டிட்டுப் போக மாட்டா.”

நைமா சிரிக்கவில்லை. பரீட்சைத் தாள் திருத்துகிறவள் போல அவரையே பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவள் எதற்குக் காத்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. யூபேங்க்ஸ் வருவார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. நான் அவரை வர விடுவேனா என்பதுதான் சந்தேகம்.

என் பையிலிருந்த சாவிக்கொத்தை எடுத்தேன். ஒரு கையால் வளையத்திலிருந்து வாசல் சாவியைக் கழற்றுவது லேசான வேலையில்லை. யாரும் உதவிக்கு வரவில்லை. அதற்கும் அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். கழற்றி யூபேங்க்ஸ் கையில் கொடுத்தேன்.

“கதவை உடைக்க வேண்டாம். திறந்துட்டு வா.”

பிறகு எல்லோரையும் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல நினைத்தேன். ரொம்ப நன்றி என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. இவ்வளவு பேர் எனக்கு இருப்பது தெரியாமல் அத்தனை மாதம் கதவைச் சாத்திக்கொண்டு இருந்திருக்கிறேனே என்றிருந்தது. கார்லெட்டா, “அப்பாடா, வாயும் அடைச்சுது,” என்றாள். சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

எல்லோரும் போனபோது சாயங்காலமாகியிருந்தது. நான் படியில் உட்கார்ந்திருந்தேன். நைமா உள்ளேயிருந்து மஞ்சள் விரிப்புப் பொட்டலத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அப்பா, இது சேராது.”

“ஏன், நிறம் பிடிக்கலையா?”

“விடுதிக் கட்டில் சாதாரணக் கட்டிலைவிட நீளம்ப்பா. அதுக்குன்னு நீள விரிப்பு தனியா விக்கிறாங்க. இதை இழுத்து மாட்டினா ஒரு பக்கம் கழண்டுக்கும். கடையிலயே பார்த்தேன்.”

“பார்த்தவ அப்பவே சொல்றதுக்கென்ன?”

“அந்தக் கட்டில்ல படுக்கப் போறதில்லையே, எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்.”

பொட்டலத்தை அவளிடமிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

“நாளைக்குப் போய் மாத்தணும்ப்பா,” என்றாள். “மஞ்சள்லயே நீளமானது இருக்கான்னு பார்க்கணும். ஹெய்டிக்கும் பதில் போட்டுட்டேன், மைக்ரோவேவ் நம்மளதுன்னு.”

“போவோம்மா,” என்றேன். “அந்த பேட்டரி வண்டி இருக்கே, சண்டை போடாம ஏறி உக்கார்றேன்.”