பின்னட்டையில் அரை வாக்கியம்

பெரிய மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவில் பதினெட்டு வருடமாக மாவுக்கட்டுப் போடுகிறவள் அண்ணி. வீட்டில் கொழுந்தன் அப்படிக் கூப்பிட, அவனைப் பார்த்து அவன் கூட்டாளிகளும் கூப்பிட, அதுவே பெயராக நிலைத்துவிட்டது. வாரத்தில் ஆறு நாள் உடைந்த கை கால்களோடு மல்லுக்கட்டிவிட்டு ஏழாம் நாளாவது கொஞ்சம் காலை நீட்டலாம் என்றால், மாதத்தில் ஒரு ஞாயிறு அதற்கும் வழி கிடையாது. அன்றைக்குக் கூடத்தில் 'கரிமுகன்' வாசகர் வட்டம் கூடும்.

கரிமுகன் ஒரு படக்கதைத் தொடரின் நாயகன். அதுவரை ஒன்பது பாகம் வந்திருந்தது. மழை விடாமல் பெய்கிற ஒரு நகரத்தில், முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு, கெட்டவர்களைத் தேடிப் பிடித்து ஒவ்வொரு எலும்பாக முறிப்பான். அவனுக்கு வலியே தெரியாது. அவனிடம் இருந்த அதிசய சக்தி அது ஒன்றுதான்.

வட்டத்தில் மொத்தம் நாலு பேர். கொழுந்தன், குடிநீர் வாரியத்தில் எழுத்தர். நகலெடுக்கும் கடை வைத்திருக்கும் ஜெராக்ஸ். ஒரு காப்பீட்டு முகவர். தனிப்பயிற்சிக் கூடத்தில் வரலாறு எடுத்துவிட்டு எல்லாராலும் பேராசிரியர் என்று அழைக்கப்படுகிற ஒருவர். நாலு பேருக்கும் முப்பது தாண்டிவிட்டது. அதில் இரண்டு பேருடைய பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகின்றன.

"ஏழாம் பாகத்துல விரலை முறிக்கிற பக்கம் இருக்கே, கவிதைங்க அது" என்றான் ஜெராக்ஸ்.

"இதை வன்முறைன்னு சொல்றவன் முட்டாள். இது வன்முறையைப் பத்தின விசாரணை" என்றார் பேராசிரியர். அவர் பேசும்போது கண்கள் தாமாகவே பாதி மூடிக்கொள்ளும்.

"வாழ்க்கை இப்படித்தான் இருக்கு. அதைத் தைரியமா காட்டுறாங்க" என்று கொழுந்தனும் தன் பங்குக்கு ஒன்றை எடுத்துவிட்டான். போன மாதம் கதவிடுக்கில் கட்டைவிரல் மாட்டியதற்கு இரண்டு நாள் விடுப்புப் போட்டவன் அவன்.

தேநீர்த் தட்டோடு வந்த அண்ணியின் பார்வை விரித்துக் கிடந்த பக்கத்தில் விழுந்தது.

"எந்த வாழ்க்கை? தோள்பட்டை இறங்கினவன் அதே கையால கதவைத் திறந்துட்டுப் போறான். தாடை உடைஞ்சவன் அரைப் பக்கம் வசனம் பேசுறான். என்கிட்ட வர்ற தாடை உடைஞ்சவன் எச்சில்கூட முழுங்க முடியாம உட்கார்ந்திருப்பான்."

ஜெராக்ஸ் பெருந்தன்மையாகச் சிரித்தான். "அண்ணி, முழுசா படிக்காம கருத்து சொல்லக்கூடாது. அது வாசக தர்மம் கிடையாது."

சொன்னவன் யாரென்று பார்த்தால் ஒதுக்கிவிடலாம். சொன்னதில் நியாயம் இருந்ததுதான் அவளுக்கு உறைத்தது. மூன்று நாள் விடுப்பு எடுத்தாள். ஒன்பது பாகத்தையும் கொழுந்தனின் அலமாரியிலிருந்து இறக்கி, பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கம் குறிப்பெடுத்தபடி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தாள். மின்தூக்கி பழுதுபார்க்கப் போய்விட்டு வந்த கணவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன, பரீட்சைக்குப் படிக்கிறியா?"

"குப்பையைக் கிளறும்போது பேச்சுக் கொடுக்காதீங்க."

படிக்கப் படிக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரத்தத்தைப் பார்த்து அல்ல. அதை அவள் காலைப் பலகாரத்துக்கு முன்பே பார்க்கிறவள். நகரத்தில் இத்தனை பேருக்கு எலும்பு உடைகிறது, ஒருவரும் மருத்துவமனைக்குப் போகக் காணோம். வரிசை இல்லை, சீட்டு இல்லை, ஊன்றுகோல் இல்லை. இரண்டாம் பாகம் முப்பத்தெட்டாம் பக்கத்தில் ஒரு காவலாளி வருகிறார். முதலாளி போன வழியைச் சொல்லவில்லை என்பதற்காக அவருடைய இரண்டு முழங்காலையும் கரிமுகன் நொறுக்குகிறான். அந்த ஆளுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று மீதி ஏழு பாகத்திலும் தேடினாள். ஓரத்தில் நிற்கிற கூட்டத்தில்கூட அவர் முகம் இல்லை.

முழங்கால் நொறுங்கியவர்களை அவளுக்குத் தெரியும். அவள் பிரிவுக்கு வந்துகொண்டிருந்த ஒரு சுமைதூக்கும் தொழிலாளி எட்டு மாதம் கழித்தும் கழிப்பறையில் உட்கார முடியாமல், அதை அவளிடம் சொல்லவும் முடியாமல், மனைவியைவிட்டுச் சொல்லச் சொன்னார்.

அடுத்த கூட்டத்தில் கேட்டேவிட்டாள். "ரெண்டாம் பாகத்துல அந்தக் காவலாளி என்ன ஆனாரு?"

நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"எந்தக் காவலாளி?" என்றார் காப்பீட்டுக்காரர்.

"அவன் வெறும் பின்னணிப் பாத்திரம் அண்ணி" என்று விளக்கினார் பேராசிரியர். "கரிமுகனோட மனப் போராட்டத்தைக் காட்டுறதுக்காக வர்றவன்."

"முட்டி ரெண்டும் போனது அவனுக்கு. மனப் போராட்டம் இவனுக்கா?"

அன்றைக்கு மாலையே உட்கார்ந்து பதிப்பகத்துக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினாள். உடற்கூற்றுப் பிழைகள் முப்பத்தொன்றைப் பக்க எண்ணோடு சுட்டினாள். கடைசியில் இப்படி முடித்தாள்: "எலும்பு முறிகிற சத்தத்தை இத்தனை தத்ரூபமாக எழுத உங்களை விட்டால் ஆள் இல்லை, ஆனால் முறிந்த பிறகு அந்த மனிதன் போடுகிற சத்தம் ஒன்பது பாகத்தில் ஒரு கட்டத்தில்கூட இல்லை. ஒன்று, உங்களுக்குக் காது கேட்காது. இல்லையென்றால் வெட்கம் கிடையாது." ஜெராக்ஸின் கடையிலேயே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டாள். என்ன நகலெடுக்கிறோம் என்று படித்துப் பார்க்கிற பழக்கம் அவனுக்கு இல்லை.

இரண்டு மாதம் கழித்துப் பத்தாம் பாகம் வந்தது. கொழுந்தன் அதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கே ஓடி வந்தான்.

"அண்ணி! நீங்க பின்னட்டையில இருக்கீங்க!"

கரிமுகனின் கறுத்த முகத்துக்குக் கீழே, ரத்தச் சிவப்பில் பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது: "எலும்பு முறிகிற சத்தத்தை இத்தனை தத்ரூபமாக எழுத உங்களை விட்டால் ஆள் இல்லை! - எலும்பு முறிவுப் பிரிவு ஊழியர், கரிமுகன் ரசிகை."

அவள் இரண்டு தடவை படித்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு பதிப்பகத்துக்குத் தொலைபேசினாள். பொறுப்பாசிரியர் என்று ஒருவர் பேசினார்.

"மேடம், உங்க கடிதம் அருமை. இடப் பற்றாக்குறை. அதனால கொஞ்சம் சுருக்கிட்டோம்."

"அப்ப அந்த ஆச்சரியக்குறிக்கு மட்டும் எங்கேருந்து இடம் வந்துச்சு?"

"வாசகர் கருத்துதான் மேடம் எங்களுக்கு எல்லாமே" என்றுவிட்டு அவர் வைத்துவிட்டார்.

அந்த ஞாயிறு வட்டத்தார் அவளுக்குப் பொன்னாடை போர்த்தாத குறை. ஜெராக்ஸ் பின்னட்டையைப் பெரிதாக நகலெடுத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டே கொண்டுவந்திருந்தான். "நம்ம வட்டத்துக்கே பெருமை அண்ணி. கடைசியில நீங்களும் நம்ம வழிக்கு வந்துட்டீங்க."

அண்ணி சட்டத்தை வாங்கிக் குப்புறக் கவிழ்த்தாள். தன் கடிதத்தின் நகலை எடுத்து நாலு பக்கத்தையும் நிறுத்தி நிதானமாக வாசித்தாள். 'வெட்கம் கிடையாது' என்று முடித்துத் தாள்களை மடித்தாள். முதலில் காப்பீட்டுக்காரர்தான் சிரித்தார். அடக்கப் பார்த்து முடியாமல், தேநீர் மூக்கில் ஏறச் சிரித்தார்.

"அண்ணி சொல்றது சரிதானப்பா. எனக்கும் நாலாம் பாகத்துலேருந்தே சலிப்புத்தான். வாய் திறந்தா நீங்க சண்டைக்கு வருவீங்கன்னு பேசாம இருந்தேன்."

"துரோகி!" ஜெராக்ஸ் எழுந்துவிட்டான். "நீ ஒருநாளும் உண்மையான வாசகனா இருந்ததில்ல. சும்மா தேநீர் குடிக்க வந்தவன்."

"தேநீர் நல்லா இருந்துச்சு. புத்தகத்தைப் பத்தி அப்படிச் சொல்ல முடியாது."

கோபம் வந்தால் கரிமுகன் என்ன செய்வானோ அதையே ஜெராக்ஸும் செய்தான். தோளைப் பின்னுக்கு இழுத்து, பல்லைக் கடித்து, சுவரில் ஓங்கி ஒரு குத்து விட்டான். சுவரில் ஒரு பொடிகூட உதிரவில்லை. சின்னதாக ஒரு சத்தம் கேட்டது, காய்ந்த குச்சியை மடித்த மாதிரி. அண்ணி அதை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். அதற்குப் பிறகு ஜெராக்ஸ் போட்ட சத்தத்தில் மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார்.

நாலு பேரும் அவளுமாக மருத்துவமனைக்குப் போனார்கள். சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, எக்ஸ்ரேவுக்கு இன்னொரு வரிசையில் நின்று, இரண்டரை மணி நேரம் மரப்பெஞ்சில் காத்திருந்தார்கள். தெரிந்தவர் என்று முன்னால் அனுப்பச் சொல்லிக் கொழுந்தன் கண்ணைக் காட்டினான். அண்ணி அதைக் கண்டுகொள்ளவில்லை. சாலை விபத்தில் சிக்கிய ஒருவரைத் தள்ளுவண்டியில் கொண்டு போனபோது, காலில் வெளியே தெரிந்த எலும்பை ஒரே ஒரு முறை பார்த்த பேராசிரியர் அப்படியே சரிந்தார். அவருக்கும் ஒரு கட்டில் தேட வேண்டியதாயிற்று.

"சுண்டுவிரல் கணுவுக்குக் கீழ உடைஞ்சிருக்கு" என்றாள் அண்ணி, எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து. "கோபத்துல சுவத்தைக் குத்துறவங்களுக்கெல்லாம் இங்கதான் உடையும். இந்த வாரத்துல நீ மூணாவது ஆளு."

ஞாயிற்றுக்கிழமைப் பணியில் இருந்த ஆளை விலக்கிவிட்டு மாவுக்கட்டும் அவளே போட்டாள். பஞ்சைச் சுற்றி, மாவுத்துணியை நீரில் அமிழ்த்தி, குமிழி அடங்கியதும் பிழிந்து, சுண்டுவிரலையும் மோதிர விரலையும் சேர்த்து முழங்கை வரைக்கும் வழித்துவிட்டாள். மனதில் அவனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தைகூட இல்லை. ஆனால் கை வழக்கம்போல அலுங்காமல் வேலை செய்தது.

"சுடுது அண்ணி!"

"இறுகும்போது அப்படித்தான் சுடும். கத்தாத, பக்கத்துல ஒரு குழந்தை சத்தமே போடாம கட்டுப் போட்டுக்குது பாரு."

வீட்டுக்குத் திரும்பும் வழியில், தெருமுனை வந்ததும் கொழுந்தன் கேட்டான். "அண்ணி, தினமும் இப்படித்தானா இருக்கும்?"

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. கூட்டம் கம்மி."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். இந்த ஒரு ஆளுக்காவது கொஞ்சம் உறைத்திருக்கிறது என்று நினைத்தாள். அந்த நினைப்பு மறுநாள் காலை வரைக்கும்தான் நின்றது. ஜெராக்ஸ் தன் கட்டின் மேல் கரிமுகனின் முகத்தை வரையச் சொல்லிப் படமெடுத்து, 'கரிமுகனுக்காக ஓர் எலும்பு' என்று இணையத்தில் இருக்கும் கரிமுகன் வாசகர் குழுவில் போட்டிருந்தான். முன்னூறு பேர் கைதட்டியிருந்தார்கள். அதில் கொழுந்தனும் ஒருவன். பேராசிரியர் கீழே நீளமாக எழுதியிருந்தார்: நேற்று மருத்துவமனையில் தான் கண்ட காட்சி, இந்தத் தொடர் எவ்வளவு யதார்த்தமானது என்பதை மீண்டும் உறுதிப்படுத்தியதாம். கட்டிலில் கிடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"ஈரம் காயறதுக்குள்ள மேல வரைஞ்சிருக்கானுங்க" என்றாள் அண்ணி.

வட்டம் நகலெடுக்கும் கடைக்கு இடம் மாறியது. காப்பீட்டுக்காரர் போவதை நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணி நிம்மதியாகக் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

பதினோராம் பாகம் தபாலில் வந்த அன்று கொழுந்தன் இன்னும் அலுவலகத்திலிருந்து வரவில்லை. அண்ணி உறையைக் கிழித்தாள், பேனாவைத் தேடி எடுத்தாள். முதல் பக்கத்திலேயே ஒருவன் நாலு விலா எலும்பு முறிந்த நிலையில் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான். நாட்காட்டித் தாளில் ஒன்று என்று எண் போட்டாள்.

கணவர் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "அந்த மூணு பேரும் புரட்டிட்டு வச்சுடுவாங்க. இவ்வளவு ஒழுங்கா இதைப் படிக்கிற ஆளு நீ ஒருத்திதான். அந்தப் பதிப்பகத்துக்காரன் உன்னை ரசிகைன்னு போட்டதுல தப்பே இல்ல."

அண்ணி பதிலுக்கு ஒரு முறை முறைத்தாள். உள்ளே எங்கோ அது நறுக்கென்று தைத்தது. என்றாலும் பக்கத்தைப் புரட்டினாள்.

ஆறு மணிக்குக் கொழுந்தன் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கையை நீட்டினான். "வந்துடுச்சா அண்ணி? குடுங்க, குடுங்க."

"முடிச்சிட்டுத் தரேன், போ" என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல்.